வலது காதில் பேசும் வண்டி

கிரீஷ் கனடாவுக்கு விமானம் ஏறியது 2023ஆம் வருடத்துக் காணும் பொங்கலன்று, ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாராவது கிளம்புவார்களா என்று அவன் அம்மா கோமளம் மயிலாப்பூர் வீட்டு வாசலில் தொடங்கிய புலம்பல் கிண்டி தாண்டியும் ஓயவில்லை. “டிக்கெட் சல்லிசாக் கெடச்சுதாம். சல்லிசாக் கெடச்சா எமகண்டத்துலகூடக் கெளம்புவான் இவன்” என்று பின் சீட்டிலிருந்து அவர் சொன்னதில் பாதிதான் அன்புச்செல்விக்குக் கேட்டது. மீதியைக் கண்ணாடியில் தெரிந்த உதடுகளிலிருந்து படித்துக்கொண்டாள்.

அன்புச்செல்வி அந்த வீட்டு டிரைவர். ஆறு வருடமாக அந்த வீட்டுக் காரை ஓட்டுகிறாள். கிரீஷ் எப்போதும்போல முன் சீட்டில், அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். விமான நிலையத்தில் எந்தத் தூண் பக்கம் நிறுத்த வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினான். அவன் பழக்கம் அது. பேச்சைவிடக் கை அதிகம் ஆடும் பிள்ளை என்று அவள் முடிவு கட்டி வெகுகாலம் ஆயிற்று.

பெட்டிகளை இறக்கிய பிறகு கிரீஷ் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வண்டி கைமாறும் பேச்சும் அதற்கான கையெழுத்தும் மார்கழியிலேயே முடிந்திருந்தன. இருந்தும் அந்த இரண்டாவது சாவி கையில் விழுந்தபோதுதான் அன்புச்செல்விக்கு அது நிஜமாகப் பட்டது.

“இனிமே உங்க வண்டி, செல்விக்கா. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. இந்த நேவிகேஷனும் ஆடியோவும்தான் அரதப் பழசு. மேப்பு பத்து வருஷம் முன்னாடியே நின்னு போச்சு. அதை மட்டும் மாத்திடுங்கோ.”

“மாத்திடுறேன் தம்பி. நீ போய்ச் சேந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு.”

திரும்பும் வழியில் கோமளம் சைதாப்பேட்டை வரை மூக்கை உறிஞ்சினார். பிறகு திடீரென்று முன்னால் சாய்ந்து அவள் தோளைத் தட்டினார். “இத பாரு, இனிமே நான் ஒன் வண்டியில சவாரி. நீ ஓனர். மரியாதையாப் பேசணுமா ஒன்கிட்ட?” அன்புச்செல்வி சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. அன்று மாலை மகள் தாரணியை ஏற்றிக்கொண்டு சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் என்று காரணமே இல்லாமல் சுற்றினாள். அவள் எங்கே போக வேண்டும் என்று வேறொருவர் சொல்லாமல் அந்த வண்டி ஓடியது அன்றுதான் முதல் தடவை.

*

அன்புச்செல்விக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பந்தாக உப்பிக் கிடந்தவளுக்கு அவள் அம்மா பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒரு தங்கச் சங்கிலியை வாங்கி வந்து கழுத்தில் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது அவர்கள் குடியிருந்த பல்லக்கு மாநியத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. சங்கிலி பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனது. இடது காது மட்டும் திரும்பி வரவில்லை.

அது போனதே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எஸ்.டி.டி. பூத்தில் சித்தியுடன் பேச ரிசீவரை இடது காதில் வைத்தவள், “லைன் செத்துப்போச்சுண்ணா” என்று கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்து, “நல்லாத்தானே பேசுறாங்க” என்றார்.

அதற்கு மேல் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்ந்தாள், கட்டிக்கொடுத்தார்கள், தாரணி பிறந்த இரண்டாம் வருடம் புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனான். கபாலி கோயில் பக்கம் பூக் கட்டினாள். பெண்களுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, பூக்கூடையைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்த முதல் நாளே தெரிந்துவிட்டது, இனி பூக்கூடை பக்கம் திரும்பப் போவதில்லை என்று.

முதல் வேலைக்குக் கிண்டியில் ஒரு கம்பெனிக்குப் போனாள். காது பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். கூப்பிடுகிறோம் என்றார்கள். கோமளம் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நம் ஊர்க் காரில் டிரைவருக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கமும் பின்னாலும் மனிதர்கள். அதனால் ரோடு முழுவதும் அவளுக்குக் கேட்கும், வண்டிக்குள் இருப்பவர்கள்தான் கேட்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டி உதடுகளைப் பார்த்துச் சமாளித்தாள். கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டபோது உலகமே வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. அப்போதும் கிரீஷின் கை மட்டும் முன்னால் நீண்டு இடம், வலம் காட்டிக்கொண்டிருந்தது.

*

வண்டி சொந்தமானதும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து வெள்ளை நம்பர் பலகையை வாடகை வண்டிக்கான மஞ்சளாக்கி, டாக்சி ஆப் ஒன்றில் சேர்ந்தாள். முதல் இரண்டு மாதம் திருவிழாதான். பாலவாக்கத்தில் இறக்கிவிட்டு அப்படியே கடற்கரையில் பத்து நிமிடம் நிற்பாள், யாரும் கேட்க ஆளில்லை. சித்திரையில் வம்பு ஆரம்பித்தது.

மெட்ரோவுக்காக லஸ்ஸைத் தோண்டினார்கள், பனகல் பூங்காவைத் தோண்டினார்கள், அடையாறைத் தோண்டினார்கள். நேற்று இருந்த ரோடு இன்று தகரத்துக்குப் பின்னால் போயிருக்கும். வண்டியோடு வந்த நேவிகேஷன் திரையில் மட்டும் ரோடுகள் எல்லாம் பத்து வருடத்துக்கு முன்னால் இருந்தபடி அகலமாக, நிம்மதியாகத் திறந்து கிடந்தன. பயணிகள் தங்கள் போனைப் பார்த்துப் பின்னாலிருந்து வழி சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். குனிந்த தலையில் உதடு தெரியாது.

பாண்டி பஜாரில் பட்டுப்புடவைப் பைகளோடு ஏறிய ஒரு தம்பதி ‘லெஃப்ட்’ என்று மூன்று தடவை சொன்னார்களாம். அன்புச்செல்வி நேராகப் போய் ஒருவழிப் பாதையில் மாட்டி, திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. அன்று சாயங்காலம் தாரணி போனை வாங்கிப் பார்த்து வாசித்தாள். அவள் பிளஸ் டூ. ஆப்பில் வருவதையெல்லாம் வாசிப்பது அவள் பொறுப்பு.

“ஒரு ஸ்டார். ‘திமிர் பிடித்த டிரைவர். பேசினால் மதிப்பதே இல்லை.’”

“திமிரா? எனக்கா?”

“உனக்குத்தான். இது நாலாவது திமிர். ஒருத்தர் ‘ராணி மாதிரி ஓட்டுறாங்க’ன்னு போட்ருக்காரு, அதுவும் ஒரு ஸ்டார்தான்.” தாரணி சிரிக்கவில்லை. “ம்மா, இப்போ நாலு புள்ளி ஒண்ணுல கீது. நாலுக்குக் கீழ போச்சுன்னா ஐடியைப் பிளாக் பண்ணிடுவான். அப்புறம் வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? பேசாம சொல்லிடேன், ஒரு காது கேக்காதுன்னு.”

“கிண்டில சொன்னேனே. இன்னும் கூப்புட்டுக்கினேதான் கீறாங்க.”

அந்த வாரமே தெற்கு மாடவீதியில் ஒரு சுற்றுலா பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் கைடு மைக்கைப் பிடித்துக் கோபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கும் கேட்கிறது, தலையை ஆட்டுகிறார். அன்புச்செல்விக்கு ஸ்டீரிங்கில் இருந்த விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. முன்னால் பேசுவது பின்னால் கேட்டால், பின்னால் பேசுவது முன்னால் கேட்காதா? அதுவும் ஒரே ஒரு காதுக்குப் பக்கத்தில்?

பின்னாலிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக் கத்தியது. அவள் அங்கேயே ஆப்பை அணைத்துவிட்டு வண்டியை ஜி.பி. ரோட்டுக்கு விட்டாள்.

*

மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, சுருக்கமாக ஜி.பி. ரோடு, முழுக்கக் கார் சாமான் கடைகள். சீட் கவர், ஹாரன், கண்ணாடி ஃபிலிம், ஸ்பீக்கர். வலியுல்லாவின் கடை ஒரு கதவு அகலம்தான். கடையைவிட அவன் குரல் பெரிது. திருவல்லிக்கேணிப் பையன், முப்பது வயது இருக்கும். அவள் வண்டி நின்றதுமே ஓடி வந்து டாஷ்போர்டை எட்டிப் பார்த்தான்.

“வாங்கக்கா. கம்பெனி செட்டா? தூக்கிக் கடாசிடலாம். பத்து இன்ச் டச் ஸ்க்ரீன், நாலு டோருக்கும் ஸ்பீக்கர், டிக்கில உஃபர். பாட்டு போட்டா பக்கத்து வண்டி கண்ணாடி அதிரும்.”

“அதிர வேணாம் பாய். ஆறு வருஷமா இதத்தான் ஓட்றேன். எனக்கு ரைட் சைடுல மட்டும் சத்தம் வந்தா போதும்.”

“ரைட்ல மட்டுமா? அதுக்கு எதுக்குக்கா புதுசு? இதுலயே பேலன்ஸைத் திருப்பினா ஆச்சு.” அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திரையை நாலு தட்டுத் தட்டினான். பாட்டு வலப்பக்கம் போனது. பிறகு நேவிகேஷனில் ஏதோ ஓர் இடத்தைப் போட்டான். தலையைச் சாய்த்தான். இறங்கி, சுற்றி வந்து, இடப்பக்கம் உட்கார்ந்து கதவோடு காதை ஒட்டிக்கொண்டான். முகம் மலர்ந்தது.

“அடப்பாவி! அக்கா, இந்த மாடல் வரைஞ்ச ஊர்ல டிரைவர் லெஃப்ட்ல உக்காருவான். அதனால வழி சொல்ற பொம்பள குரல லெஃப்ட் டோர்லயே வெச்சு அனுப்சிட்டான். நம்ம ஊருக்கு ஸ்டீரிங்க மாத்தினான், குரல மாத்தல! பேலன்ஸ் இன்னா பண்ணாலும் அந்தம்மா லெஃப்ட்லயேதான் பேசிக்கினு கீது.”

அன்புச்செல்வி அவனையே பார்த்தாள். “இந்த வண்டி பேசுமா?”

“இன்னாக்கா, ஆறு வருஷம் ஓட்னேன்னு சொன்னீங்க?”

பேசுகிறதா! கிரீஷ் புது இடங்களுக்குப் போகும்போது திரையில் எதையோ போடுவான். அப்போது இடப்பக்கம் ஏதோ முணுமுணுக்கும். அவன் மடியில் இருக்கும் போன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வலியுல்லா அவள் முகத்தைப் பார்த்தான். வலப்பக்கம் மட்டும் சத்தம் போதும் என்று அவள் சொன்னதை நினைத்தான். மேலே இருந்த இரண்டாவது கண்ணாடியைப் பார்த்தான்.

“அக்கா… லெஃப்ட் காது?”

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். “நான் கெளம்புறேன்.”

“எங்க கெளம்புறீங்க? இத முன்னாடியே சொல்லியிருக்கணும்! பத்து வருஷமா வர்றவன் எல்லாம் டமால் டமால்னு உஃபர் கேக்குறான். மாட்டி மாட்டி எனக்கே காது போச்சு. இது எப்பேர்ப்பட்ட வேலை! உக்காருங்க. இன்னா வேணும், மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

அவள் காது கேட்காது என்று தெரிந்ததும் ஒரு மனிதன் சந்தோஷப்பட்டது அன்புச்செல்வியின் நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுற்றுலா பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். வலியுல்லா ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் மேல் வண்டியை வரைந்தான். பின்னால் மைக், இங்கே குட்டி ஆம்ப், இங்கே உங்கள் வலது காது. அன்புச்செல்வி பேனாவைப் பிடுங்கி, மைக்கைப் பின் சீட்டுக்காரர் தலைக்கு மேலே கூரைக்கு மாற்றினாள். இருவரும் அரைமணி நேரம் கோடு போட்டு, அடித்து, மறுபடி போட்டுச் சண்டை பிடித்தார்கள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா வலியுல்லா, ராக்கெட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கம்பெனி வயரில் கத்தி படக்கூடாது. மற்ற கடைகளில் அரைமணியில் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள். அவன் வண்டியின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் இன்னொரு சாக்கெட்டைத் தேடி வைத்து, சொருகி மட்டும்தான் வேலை செய்வான். “நாளைக்கே பழசு வேணும்னு தோணிச்சுன்னா, புடுங்கி மாட்டினா பேசணும்” என்பான். டாஷ்போர்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து இரண்டு பேனா மூடியும், காய்ந்த குங்குமப் பொட்டலம் ஒன்றும், கிரீஷின் கல்லூரி அடையாள அட்டையும் விழுந்தன. பழைய செட்டைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தருவதுபோல் அவள் கையில் கொடுத்தான்.

புதுத் திரை ஒளிர்ந்தது. வழி சொல்லும் குரலைத் தமிழுக்கு மாற்றி, வலப்பக்கக் கதவுக்கு அனுப்பினான். “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்று ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள். காதுக்குப் பக்கத்தில், தெளிவாக. “திரும்புறேன்மா, திரும்புறேன்” என்றாள் அன்புச்செல்வி, நின்றுகொண்டிருந்த வண்டியில்.

மைக்தான் படுத்தியது. முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் வண்டி ‘கூ’ என்று ஊளையிட்டது. ஜி.பி. ரோடு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி, மறுபடி அனுப்பி, சுற்றிச் சுற்றிக் கத்துகிறது என்றான் வலியுல்லா. அன்று முழுக்கச் சத்தத்தைக் குறைத்தான், மைக்கைத் திருப்பினான், ஸ்பஞ்ச் ஒட்டினான். ஊளை ஓயவில்லை. மறுநாள் காலை அவள் கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

“பாய், ரகசியம் பேசுறவங்க எங்க பேசுவாங்க?”

“காதுல.”

“அப்போ ஸ்பீக்கர் ஏன் கதவுல கீது? காதுகிட்ட வந்துச்சுன்னா சத்தமே தேவையில்லையே. மெதுவாப் பேசினா மைக்குக்கு எப்படிக் கேக்கும்?”

வலியுல்லா நெற்றியில் அடித்துக்கொண்டான். கடைக்குள் ஓடினான். பொத்தான் அளவு ஸ்பீக்கர் ஒன்றைத் தேடி எடுத்து, டிரைவர் சீட்டின் தலைசாய்ப்பில் வலது ஓரமாக, துணிக்கு உள்ளே வைத்துத் தைத்தான். பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த கண்ணாடியை வேண்டுமென்றே மடக்கி வைத்திருந்தாள்.

“அக்கா… டீ சொல்லட்டா?”

உரத்துக்கூட இல்லை, கிசுகிசுப்பு. ஆனால் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. அன்புச்செல்விக்குப் பிடரி சிலிர்த்தது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல், முகம் பார்க்காமல், உதடு பார்க்காமல், முழுசாக.

“சர்க்கரை கம்மியா” என்றாள்.  பின்னால் வலியுல்லா “யா அல்லா, கேட்ருச்சு!” என்று கூரையில் தலை இடிக்கக் குதித்ததும் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது.

*

அடுத்த பத்து நாள் அவள் கால் தரையில் படவில்லை. லெஃப்ட் என்றால் லெஃப்ட், ஓரமா நிறுத்துங்க என்றால் ஓரம். கல்லூரிப் பெண்கள் புரொபசரைக் கிண்டல் செய்தார்கள். ஒரு தாத்தா தனியாகப் பாட்டு முனகிக்கொண்டு வந்தார். ஆறு வருடமாக ஊமைப்படம் ஓடிய வண்டியில் திடீரென்று வசனம் வந்துவிட்டது. நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி இரண்டானது.

பதினோராம் நாள் ஒரு பெண் போனில் தன் கார்டு நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அன்புச்செல்வி அவசரமாகப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள். மறுநாள் இன்னொருத்தி, அம்மாவுக்கே தெரியாது என்று ஆரம்பித்துத் தோழியிடம் அழுதாள். இறங்கும்போது “தேங்க்ஸ்க்கா” என்று சிரித்தாள். அன்புச்செல்வியால் திரும்பிச் சிரிக்க முடியவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் காதை வைத்ததுபோல் இருந்தது.

அந்த வாரம்தான் கோமளம் பல் டாக்டரைப் பார்க்க அடையாறுக்குக் கூப்பிட்டார். காலை ஒன்பது மணி. ஏறியதும் மகனுக்குப் போன்.

“சாப்ட்டியாடா? ஆமா, செல்வி வண்டியிலதான் போயிண்டிருக்கேன். புதுசா டிவி மாதிரி ஏதோ வெச்சிருக்கா, பளபளன்னு… நன்னாத்தான் ஓட்டறா. ஆனா அதே காதுதானே. பாவம், யார்கிட்டயும் சொல்ல மாட்டா… நான் எப்படிடா கேப்பேன்? ஆறு வருஷமாக் கேக்காதவ இப்போ கேக்கறதா? அவ வந்த மொத வாரமே கண்டுபிடிச்சது நீ. அப்பலேர்ந்து முன் சீட்டுல ஒக்காந்துண்டு கையக் கையக் காட்டிண்டு வந்த. இப்போ அவளுக்கு யார் காட்டறா, சொல்லு?”

அடையாற்றுப் பாலம் தாண்டியதும் அன்புச்செல்வி ஓரமாக வண்டியை நிறுத்தினாள். திரும்பாமல் சொன்னாள்.

“மாமி, நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு.”

கோமளம் போனை இறக்கினார். “எந்தக் காதுல?”

அன்புச்செல்வி கூரையைக் காட்டினாள். தலைசாய்ப்பைக் காட்டினாள். மைக், ஊளை, வலியுல்லா எல்லாவற்றையும் சொன்னாள். கோமளம் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது.

“அப்போ… போன வியாழக்கிழமை என் நாத்தனாரைப் பத்திப் பேசிண்டு வந்தேனே?”

“அதுவும் கேட்டுச்சு மாமி.”

“ஈஸ்வரா! மொதல்ல இதுக்கு ஒரு ஸ்விட்ச் வெய்யிடி!”

“வெச்சா எழுதிப் போடணும் மாமி, பேசணும்னா அழுத்துங்கன்னு. எதுக்குன்னு கேப்பாங்க. வர்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பாதி வழியில எறங்கிப் போனாங்கன்னா? இப்பத்தான் ஐடி தப்பிச்சிக்கினு கீது.”

“எனக்கும் என் பிள்ளைக்கும் ஆறு வருஷமாத் தெரியும். நாங்க எறங்கிப் போனோமா? இந்த வண்டி எங்கயாவது ஒரு கீறல் வாங்கித்தா?” கோமளம் மறுபடி போனைக் காதில் வைத்தார். “கிரீஷ், அப்புறமாப் பேசறேன். இங்கே சொவத்துக்கு மட்டுமில்லே, சீட்டுக்கும் காது மொளச்சிருக்கு.”

*

வலியுல்லா சிவப்புப் பட்டன் ஒன்றை முன் சீட்டின் முதுகில் பொருத்தினான். அழுத்தினால் மைக் திறக்கும், விட்டால் மூடும். அதற்கு மேலே ஒட்ட வேண்டிய அட்டையைத் தாரணி தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். முதலில் சுருக்கமாகத்தான் எழுதினாள். அன்புச்செல்விதான் ஒவ்வொரு வரியாகச் சேர்க்கச் சொன்னாள்.

‘எனக்கு இடது காது கேட்காது. வலது காது ரொம்ப நன்றாகக் கேட்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்தப் பட்டனை அழுத்திப் பேசுங்கள். விட்டுவிட்டால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. நிம்மதியாகப் பேசுங்கள். இப்படிக்கு, டிரைவர் அன்புச்செல்வி.’

மறுநாள் காலை முதல் சவாரி மந்தைவெளியிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு. வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒரு பையன் ஏறினான். வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் அவன் கண்கள் அட்டையின் மேல் இடமிருந்து வலமாகப் போவது தெரிந்தது. மேலிருந்து கீழே வந்தன. மறுபடி மேலே போயின. கைப்பேசியை எடுத்தான். கேன்சல் செய்யப் போகிறான். அன்புச்செல்வி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தாள். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றது.

காதருகே ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“அக்கா, ஏசி கொஞ்சம் கம்மி பண்ணுங்க. ஓவர்.”

“இன்னாது ஓவர்?”

மறுபடி ‘டக்’. “போலீஸ் வாக்கி டாக்கில அப்டித்தான் சொல்வாங்கக்கா. ஓவர்.”

அவள் ஏசியைக் குறைத்தாள். கிண்டி வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அந்தப் பழைய கம்பெனியின் கேட்டைத் தாண்டிப் போனபோது அதைக் கவனிக்கவே இல்லை, திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன்பிறகு ஏறியவர்களில் ஒரே ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்கள் பட்டனை அழுத்தினார்கள். ‘ஓவர்’ கதையைக் கேட்ட கோமளமும் அழுத்தி ஓவர் சொன்னார். குழந்தைகள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாண்டு மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வரை புலிபோல் உறுமிக்கொண்டே வந்தது. ‘திமிர்’ என்ற சொல் ஆப்பில் அப்புறம் வரவில்லை. நாலு புள்ளி ஆறு, நாலு புள்ளி எட்டு என்று தாரணி கத்திக் கத்தி வாசித்தாள். வலியுல்லா தன் கடை வாசலில் ‘ஒரு காதுக்கும் ஆடியோ செய்து தரப்படும்’ என்று போர்டே வைத்துவிட்டான். முதல் மாதமே மூன்று பேர் வந்தார்களாம்.

பழைய செட் துண்டில் சுற்றியபடியே தாரணியின் புத்தக அலமாரி மேல் இருந்தது. அது எந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது என்பதைக் கிரீஷிடம் சொல்ல வேண்டும் என்று அன்புச்செல்வி நினைப்பாள். அதற்குள் அடுத்த சவாரி வந்துவிடும். தாரணி காலேஜில் சேர்ந்தாள். லஸ்ஸில் தகரங்கள் இடம் மாறி மாறி நின்றன. மூன்று வருடம் ஓடியது.

2026 காணும் பொங்கலன்று காலை, அடையாறு சிக்னலில் சவாரிக்குக் காத்திருந்தபோது கனடா நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது.

‘செல்விக்கா, சௌக்கியமா? இத்தனை நாள் பஸ்ஸிலயும் ரயிலிலயும் அலைஞ்சேன், நேத்திக்குத்தான் இங்கே கார் வாங்கினேன். இங்கே டிரைவர் லெஃப்ட்ல ஒக்காரணும். நேவிகேஷன் போட்டேன், குரல் லெஃப்ட் டோர்ல இருந்து வந்தது. அப்போதான் பளிச்சுனு ஒறச்சது. நம்ம வண்டியிலயும் அது லெஃப்ட்லதானே பேசும்? நான் வழி போட்டு வெச்சதெல்லாம் ஆறு வருஷமும் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு. உங்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. இருந்தும் நீங்க என்னை ஒரு தடவைகூடத் தப்பான எடத்துல எறக்கினதில்லே. நான் ரெண்டு காதையும் வெச்சுண்டு நேத்து மட்டும் மூணு தடவை வழி தப்பிட்டேன். ஓவர். (அம்மா சொன்னா.)’